பலூனில் ஏறாத மனிதர்

எக்கோல்ம் பயந்துவிட்டார் என்று பெரியப்பா மகன் சொன்னபோது எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஊரில் ஒரு விசேஷ வீடு. சாப்பாடு முடிந்து எல்லோரும் கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்திருந்தோம். பிள்ளைகள் கேட்டார்கள் என்று, வட துருவத்துக்குப் பலூனில் கிளம்பிய சுவீடன்காரர்கள் மூவரின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். முதல் முயற்சியில் கூட இருந்த ஒருவர் அடுத்த ஆண்டு வரமாட்டேன் என்று விலகிக்கொண்டார் என்ற இடம் வந்ததும், அண்ணன் "அப்போ அந்த ஆளு பயந்துட்டாருன்னு சொல்லு" என்றார். பிள்ளைகள் சிரித்தார்கள். கதை மேலே போனது. பலூன் விழுந்தது, பனிக்கரடி வந்தது, எல்லோருக்கும் திருப்தி. அந்த ஒரு வரி மட்டும் எனக்குள் தங்கிவிட்டது. அண்ணன் ஒன்றும் புதிதாகச் சொல்லிவிடவில்லை. உலகம் முழுக்க இந்தக் கதை இப்படித்தான் சொல்லப்படுகிறது. பலூனில் ஏறியவர்களுக்குப் பக்கம் பக்கமாக, ஏறாதவருக்கு ஒரே வரி.

சுவீடனின் பழைய ஆய்வுப் பயணிகளைப் பற்றி யார் எழுதினாலும் சில பெயர்கள் தவறாமல் வரும். ஆசியாவின் வடகரை முழுவதையும் கப்பலில் கடந்த நோர்டன்ஷோல்ட், மத்திய ஆசியப் பாலைகளில் அலைந்த ஸ்வென் ஹெடின், லின்னேயஸிடம் தாவரவியல் படித்துவிட்டு கேப்டன் குக்கின் கப்பலில் உலகைச் சுற்றிய சொலாண்டர், பலூனில் போய் இறந்த ஆந்த்ரே. நீல்ஸ் எக்கோல்ம் அந்தப் பட்டியலில் இருக்கமாட்டார். இருக்க வேண்டும் என்பது என் கட்சி. அதுவும் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு இல்லை, ஆந்த்ரேவின் பெயருக்குப் பக்கத்திலேயே, அதே அளவு எழுத்தில்.

ஆய்வுப் பயணிகளின் புகழில் எனக்கு எப்போதும் ஒரு உறுத்தல் உண்டு. 1895-இல் ஹெடின் தக்லமக்கான் பாலைவனத்துக்குள் நான்கு உதவியாளர்களோடும் எட்டு ஒட்டகங்களோடும் நுழைந்தார். தண்ணீர் போதவில்லை. உதவியாளர்களில் இருவர் மணலிலேயே இறந்துபோனார்கள். ஹெடின் தவழ்ந்து போய் ஒரு நீர்க்குட்டையைக் கண்டுபிடித்து, பின்னால் கிடந்த துணையாளருக்குத் தன் பூட்சுகளில் தண்ணீர் மொண்டுகொண்டு போனார். அந்தப் பூட்சுகளைப் பற்றி எல்லோரும் எழுதுகிறார்கள். இறந்த இருவரின் பெயர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதற்கு நேர்மாறான ஒரு பயணம் சுவீடனிடமே இருக்கிறது. 1878 ஜூலையில் நார்வேயின் ட்ரோம்சோவிலிருந்து வேகா என்ற கப்பலில் நோர்டன்ஷோல்ட் கிழக்கே கிளம்பினார். செப்டம்பர் 28-ஆம் தேதி, பெரிங் நீரிணைக்கு இரண்டொரு நாள் பயணத் தூரத்தில், கப்பல் பனியில் உறைந்து நின்றுவிட்டது. பத்து மாதம் அங்கேயே கிடந்தார்கள். நோர்டன்ஷோல்ட் பதறவில்லை. பனியில் ஆய்வுக்கூடம் கட்டி வெப்பநிலையும் காந்தப்புலமும் அளந்தார்கள், பக்கத்துக் கிராமங்களின் சுக்சி மக்களோடு பழகினார்கள், அவர்கள் மொழியைக் குறித்துவைத்தார்கள். 1879 ஜூலை 18-இல் பனி விட்டது, இருபதாம் தேதி நீரிணையைத் தாண்டியாயிற்று. திரும்பும் வழியில் அந்த டிசம்பரில் இலங்கையின் காலித் துறைமுகத்தில் நின்று, இரத்தினபுரிக்குப் போய் மாணிக்கக் குழிகளைப் பார்த்துவிட்டுத்தான் ஊர் சேர்ந்தார்கள். ஒருவர்கூடச் சாகவில்லை. இன்று வேகாவின் பெயர் தெரிந்தவர்களைவிட ஆந்த்ரேவின் பலூனைத் தெரிந்தவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆள் சாகாத பயணம் கதையாக நிற்பதில்லை.

டேன்ஸ் தீவு, 1896

ஆந்த்ரேவும் எக்கோல்மும் பழைய சிநேகிதர்கள். 1882-இல் சுவீடன், நார்வேக்கு வடக்கே ஆர்க்டிக் கடலிலுள்ள ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு ஓர் ஆய்வுக்குழுவை அனுப்பியது. தோர்ட்சென் முனையில் ஒரு முழுக் குளிர்காலம் தங்கி வானிலை அளக்கும் வேலை. குழுத் தலைவர் எக்கோல்ம். காற்றிலுள்ள மின்சாரத்தை அளக்கும் உதவியாளராகப் போன இளைஞர்தான் ஆந்த்ரே. பின்னாளில் ஆந்த்ரே காப்புரிமை அலுவலகத்தில் தலைமைப் பொறியாளர் ஆனார். ஸ்வேயா என்ற சொந்தப் பலூனில் 1893 முதல் 1895 வரை ஒன்பது முறை தனியாகப் பறந்தார். ஒருமுறை காற்று அவரைப் பால்டிக் கடலுக்கு மேல் தள்ளிக்கொண்டு போய் பின்லாந்துப் பக்கத்துத் தீவொன்றில் போட்டது. அவர் அசரவில்லை. பலூனிலிருந்து கனமான கயிறுகளைத் தொங்கவிட்டு நிலத்திலோ நீரிலோ இழுபடச் செய்தால் பலூன் காற்றைவிட மெதுவாகப் போகும், அப்போது பாய் கட்டி ஓரளவு திசை திருப்பலாம் என்று ஒரு முறையை வகுத்தார். நோர்டன்ஷோல்டே அவருக்கு ஊக்கம் கொடுத்தார். 1895 பிப்ரவரியில் அறிவியல் அகாதமியின் முன்னால் ஆந்த்ரே தன் திட்டத்தை விளக்கியபோது அவர் கேட்ட பலூன் இப்படி இருக்க வேண்டும்: மூன்று பேர், கருவிகள், நான்கு மாத உணவு என்று சுமார் 3,000 கிலோவைத் தூக்க வேண்டும், 30 நாள் வானில் நிற்க வேண்டும். ஆல்ஃபிரட் நோபல் 65,000 குரோனர் கொடுத்தார். மன்னர் இரண்டாம் ஆஸ்கர் 30,000 கொடுத்தார். பாரிஸில் பலூன் தயாரானது. வார்னிஷ் பூசிய சீனப் பட்டு, மூன்று அடுக்கு, 20 மீட்டருக்கு மேல் விட்டம். உலகத்தின் கண் சுவீடன் மேல்.

ஆந்த்ரே தன்னோடு வரத் தேர்ந்தெடுத்த இருவரில் எக்கோல்ம் ஒருவர். அப்போது வயது நாற்பத்தேழு, நாடறிந்த வானிலை ஆய்வாளர். உப்சாலாவில் இரண்டு இடங்களிலிருந்து கோணம் பார்த்து மேகங்களின் உயரத்தைக் கணக்கிட்ட ஆள். மூன்றாமவர் நீல்ஸ் ஸ்டிரிண்ட்பெர்க், இருபத்து மூன்று வயது இயற்பியலாளர், நல்ல புகைப்படக் கலைஞர். இவர்கள் 1896 கோடையில் ஸ்பிட்ஸ்பெர்கனின் வடமேற்கு மூலையிலுள்ள டேன்ஸ் தீவில் இறங்கி, பலூனுக்கென்று உயரமான மரக் கூடாரம் ஒன்றைக் கட்டினார்கள். கந்தக அமிலத்தையும் இரும்பையும் சேர்த்து அங்கேயே ஹைட்ரஜன் தயாரித்து நிரப்பினார்கள். அப்புறம் தெற்குக் காற்றுக்காகக் காத்திருந்தார்கள். அது வரவே இல்லை. வடக்கிலிருந்தே வீசிக்கொண்டிருந்தது. ஆகஸ்டு நடுவில் ஃபிராம் கப்பல் மூன்று ஆண்டு பனிச் சிறையிலிருந்து வெளியே வந்து அதே தீவில் ஒதுங்கியது. நார்வேக்காரர்களின் வெற்றிக் கப்பல், பறக்காத பலூனுக்கு முன்னால் வந்து நின்றது. ஃபிராம் பயணத்தின் தலைவர், அதிலிருந்து இறங்கிப் பனியில் நடந்து 86 டிகிரி வட அட்சரேகை தாண்டிப்போன நான்சென், அதற்கு முந்தைய நாள்தான் வேறொரு கப்பலில் நார்வே போய்ச் சேர்ந்திருந்தார். சுவீடனும் நார்வேயும் அப்போது ஒரே மன்னரின் கீழிருந்த நாடுகள், உள்ளுக்குள் புகைச்சல். ஆந்த்ரேவுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

அந்தக் காத்திருப்பில் எக்கோல்ம் சும்மா இருக்கவில்லை. பலூனின் தூக்கு விசை நாளுக்கு நாள் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொண்டே இருந்தார். பட்டுத் துண்டுகளைச் சேர்த்த தையல்களில் ஏறக்குறைய 80 இலட்சம் ஊசித் துளைகள். அவற்றின் மேல் பட்டுப் பட்டை ஒட்டி வார்னிஷ் பூசியும் ஹைட்ரஜன் நிற்கவில்லை. நாளொன்றுக்கு 68 கிலோ தூக்கு விசை போய்க்கொண்டிருந்தது. எக்கோல்ம் போட்ட கணக்கில் இந்தப் பலூன் அதிகபட்சம் 17 நாள் மிதக்கும். 30 நாள் என்பது நடக்காத காரியம். உறுதியான, கசிவில்லாத வேறு பலூன் வாங்கினால் வருகிறேன், இதே பலூன் என்றால் அடுத்த ஆண்டு நான் வரமாட்டேன் என்று ஆந்த்ரேவிடம் நேராகவே சொன்னார். சொன்னது பகிரங்கமாக, காரணத்தோடு, எண்ணோடு. நடுக்கம் இருந்ததா என்று எனக்குத் தெரியாது. இருந்திருந்தாலும் எண்கள் எண்கள்தான்.

திரும்பும் கப்பலில்

இந்தக் கதையில் நான் திரும்பத் திரும்பப் போய் நிற்பது அவர்கள் ஊர் திரும்பிய கப்பலில். எக்கோல்மின் அளவுகளில் சில ஒட்டாமல் இருந்தன. கசிவு ஒரே சீராக இல்லை, சில நாட்களில் பலூன் எதிர்பார்த்ததைவிடத் தெம்பாக இருந்தது. அளப்பவருக்கு இதைவிடத் தொந்தரவு வேறு இல்லை. கருவியில் கோளாறா, தன் கணக்கில் கோளாறா, வெப்பநிலைத் திருத்தம் சரியில்லையா? கப்பலில் வரும்போது ஹைட்ரஜன் ஆலையைக் கவனித்த பொறியாளரிடம் பேசியதில் விடை கிடைத்தது. அவ்வப்போது ஆந்த்ரே யாருக்கும் சொல்லாமல் பலூனில் கூடுதல் ஹைட்ரஜன் ஏற்றச் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆந்த்ரே ஏமாற்றியது பத்திரிகைக்காரர்களை இல்லை, பணம் கொடுத்தவர்களைக்கூட இல்லை. தன்னோடு அதே கூடையில் ஏற வேண்டியவரை ஏமாற்றியிருக்கிறார். ஏறப்போகிறவர்களில் அவரும் ஒருவர். கசிவை மறைத்தால் முதலில் சாகப்போவது மறைத்தவரே. இதில் லாபம் என்ன? அவரை வில்லன் என்று ஒதுக்கிவிட்டால் நமக்கு வேலை சுலபம், ஆனால் அது உண்மையாக இருக்காது. ஆந்த்ரே எண்களை நம்பிய மனிதர். பொறியியல் மூலமாக எதையும் தீர்க்கலாம் என்ற அந்தக் காலத்து நம்பிக்கையின் முழு உருவம். அந்த மனிதரே ஒரு எண்ணைப் பார்க்கச் சகிக்காமல் அதன் மேல் வாயுவை ஊற்றி மூடியிருக்கிறார். பொய் சொல்ல வேண்டும் என்று நினைத்திருக்கமாட்டார் என்றே எண்ணுகிறேன். இன்று கொஞ்சம் ஏற்றிவிடுவோம், நாளைக்கு எப்படியும் காற்று திரும்பிவிடும், அப்புறம் இதெல்லாம் யாருக்கும் ஞாபகம் இருக்காது என்று நினைத்திருப்பார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதே மாதிரி ஒன்றைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். பெரிய அழுத்தக் கலன்கள் செய்யும் பட்டறை அது. கலன் முடிந்ததும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, வால்வை மூடிவிடுவோம். குறித்த நேரம் வரைக்கும் கேஜ் முள் இறங்காமல் நின்றால் கலன் தேறியது. ஒரு நாள் காலை, ஆய்வாளர் வருவதற்குச் சற்று முன்னால் முள் இறங்கியிருந்தது. ஒருவர் பம்பைப் போட்டு முள்ளைப் பழைய இடத்துக்கு ஏற்றி வைத்தார். அவர் நல்ல மனிதர், டெலிவரி தேதி தள்ளிப்போய்க்கொண்டே இருந்ததில் நொந்துபோயிருந்தார். எங்கள் சார்ஜ்மேன் அதைப் பார்த்துவிட்டார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. சோதனைத் தாளில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று மட்டும் சொன்னார். வேறு ஒருவர் கையெழுத்துப் போட்டார், கலன் லாரியில் ஏறிப் போயிற்று. சில வாரங்களில் சார்ஜ்மேனை ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். அந்தக் கலனில் பிறகு எந்த விபத்தும் நடந்ததாகக் கேள்விப்படவில்லை. எங்கோ ஒரு ஆலையில் அது ஒழுங்காக வேலை செய்திருக்கலாம். அவர் மறுத்தது சரி என்பதில் எனக்கு அன்றும் சந்தேகம் இல்லை, இன்றும் இல்லை. கலன் வெடித்திருந்தால்தான் அவர் சரி என்று சொல்வேன் என்றால், என் நியாயம் வெடிப்புக்காகக் காத்திருக்கிற நியாயமாகிவிடும்.

ஆந்த்ரே விஷயத்தில் இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எக்கோல்முக்காகப் பேசுகிறவர்கள் பலூன் விழுந்ததைக் காட்டி, பார்த்தீர்களா, அவர் சொன்னது நடந்துவிட்டது என்பார்கள். அந்த வாதம் அவ்வளவு சுத்தமாக நிற்காது.

அறுபத்தைந்து மணி நேரம்

எக்கோல்ம் விலகிய இடத்தில் க்னூட் ஃப்ரெங்கல் வந்தார். இருபத்தேழு வயதுப் பொறியாளர், நல்ல உடற்கட்டு. ஊசித் துளைகளுக்கு முழுத் தீர்வு எதுவும் வராமலேயே அதே பலூனை 1897 ஜூலை 11-ஆம் தேதி பிற்பகல் டேன்ஸ் தீவில் அவிழ்த்துவிட்டார்கள். கழுகு என்று பெயர் வைத்திருந்தார்கள். ஏறிய சில நிமிடங்களில் பலூன் தாழ்ந்து கூடை கடலில் நனைந்தது. பதறிப்போய் 210 கிலோ மணலை வெளியே கொட்டினார்கள். அதே நேரத்தில் இழுவைக் கயிறுகளின் கீழ்ப்பகுதிகள் திருகு மூட்டுகளில் கழன்று விழுந்தன. 530 கிலோ கயிறு போயிற்று. மொத்தம் 740 கிலோ குறைந்த பலூன் 700 மீட்டர் உயரத்துக்கு எகிறியது. கயிறு தரையைத் தொட்டால்தான் திசை திருப்பலாம் என்பதே ஆந்த்ரேவின் மொத்தத் தத்துவம். கிளம்பிய சில நிமிடங்களிலேயே அது போய்விட்டது. உயரத்தில் காற்றழுத்தம் குறைவு, அதனால் ஹைட்ரஜன் வேகமாக வெளியேறியது. பிறகு மூடுபனி வந்தது, பலூன் நனைந்து அதன்மேல் பனிப்படலம் பிடித்துக் கனத்தது. பத்தரை மணி நேரம் தடையில்லாமல் பறந்தது. அதற்குப் பிறகு பெரும்பாலும் கூடை பனியில் இடிபட்டு இடிபட்டுத்தான் நகர்ந்தது. மொத்தம் அறுபத்தைந்தரை மணி நேரம் ஆனபோது, ஜூலை 14 காலை, 82 டிகிரி 56 நிமிட அட்சரேகையில் இறங்கினார்கள். துருவம் இன்னும் 780 கிலோமீட்டருக்கு மேல்.

ஆக, 17 நாள் நிற்கும் என்று எக்கோல்ம் கணக்கிட்ட பலூன் மூன்று நாள்கூட நிற்கவில்லை. அதை வீழ்த்தியதில் தையல் கசிவைவிடக் கழன்ற கயிற்றுக்கும் உறைபனிக்கும்தான் பங்கு அதிகம் என்று சொன்னால் நான் மறுக்கமாட்டேன். கயிறு கழலாமல் இருந்திருந்தால், வானம் தெளிவாக இருந்திருந்தால், அந்தக் கசியும் பலூனே பத்து நாள் மிதந்து அவர்களைச் சைபீரியாவில் கொண்டுபோய் இறக்கியிருக்கலாம். அப்போது எக்கோல்ம் என்ன ஆகியிருப்பார்? ஊரே கைகொட்டிச் சிரித்திருக்கும். அப்போதும் அவர் எடுத்த முடிவு இதே அளவுக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். அவர் விலகியது பலூன் கசிகிறது என்பதனால் மட்டும் என்று நான் நினைக்கவில்லை. கசிவு எல்லாப் பலூனிலும் உண்டு, அதைக் குறைக்க வழி தேடலாம், அவரே ஒரு வழியைச் சொல்லித்தான் இருந்தார். கசிவின் அளவை ஒளிக்கிற தலைவரோடு வானில் ஏற முடியாது. அங்கே மேலே போன பிறகு ஒருவர் சொல்லும் எண்ணைத்தான் இன்னொருவர் உயிருக்கு நம்ப வேண்டும்: எவ்வளவு மணல் மிச்சம், எவ்வளவு உயரம், எவ்வளவு நேரம். அந்த நம்பிக்கை டேன்ஸ் தீவிலேயே கசிந்து போயிருந்தது.

பனியில் இறங்கிய பிறகு மூவரும் நடந்துகொண்ட விதத்தைப் படிக்கப் படிக்க எனக்கு இன்னும் வருத்தமாகிறது, ஏனென்றால் அவர்கள் அவ்வளவு நன்றாக வேலை செய்தார்கள். 200 கிலோ வரை ஏற்றிய சறுக்கு வண்டிகளை உடைந்த பனி மேடுகளின் மேல் இழுத்தார்கள். முதலில் கிழக்கே ஃபிரான்ஸ் யோசஃப் நிலத்தை நோக்கி. அவர்கள் கிழக்கே நடக்க, காலடியில் இருந்த பனிப்பாளம் மேற்கே மிதந்தது. ஆகஸ்டு 4-இல் திசையை மாற்றித் தென்மேற்கே திரும்பினார்கள், பனி அதற்கும் ஒத்துழைக்கவில்லை. இவ்வளவுக்கும் நடுவில் ஃப்ரெங்கல் வானிலைக் குறிப்புகளை ஒழுங்காக எழுதிவந்தார். எக்கோல்ம் செய்ய வேண்டிய வேலை அது. ஸ்டிரிண்ட்பெர்க் படம் எடுத்தார். விழுந்து கிடக்கிற பலூனை இரண்டு பேர் பார்த்துக்கொண்டு நிற்கும் அந்தப் பிரபலமான படம் அவர் எடுத்ததே. ஆந்த்ரே பறவைகளையும் பனியில் கிடைத்த பாசி, மண் மாதிரிகளையும் சேகரித்துக் குறித்தார். பனியில் யாரும் எந்த எண்ணையும் ஒளிக்கவில்லை. ஒளித்து ஆகப்போவது ஒன்றுமில்லை என்றான பிறகு ஆந்த்ரே நான் மதிக்கிற ஆந்த்ரேவாகத்தான் இருந்தார்.

செப்டம்பர் 4 ஸ்டிரிண்ட்பெர்க்கின் பிறந்தநாள், வயது இருபத்தைந்து ஆனது. முந்தைய இலையுதிர் காலத்தில்தான் அவருக்கும் அன்னா ஷார்லியர் என்ற பெண்ணுக்கும் நிச்சயம் ஆகியிருந்தது. பனியில் முதல் சில நாட்கள் அவளுக்குச் சுருக்கெழுத்தில் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார், போய்ச் சேர வழியில்லாத கடிதங்கள். பிறந்தநாள் காலையில் அவரை எழுப்பி, அன்னாவும் வீட்டாரும் எழுதிக் கொடுத்துவிட்டிருந்த கடிதங்களை ஆந்த்ரே அவர் கையில் கொடுத்தார். பலூன் எடையில் ஒவ்வொரு கிலோவையும் எண்ணிய மனிதர், கடலும் கயிறும் விபத்தும் தாண்டி, யாருக்கும் தெரியாமல் அந்தக் கடிதங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்திருந்தார். அவன் சந்தோஷத்தைப் பார்ப்பதே சந்தோஷமாக இருந்தது என்கிற மாதிரி நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஹைட்ரஜனை ஒளித்து ஏற்றியவரும் இந்தக் கடிதங்களை ஒளித்துக் கொண்டுவந்தவரும் ஒரே ஆள். ஆந்த்ரேவை வெறுக்க நினைக்கும்போதெல்லாம் இந்தப் பக்கம் வந்து தடுத்துவிடுகிறது.

அக்டோபர் 5-இல் பனிப்பாளம் உடைந்துபோக, குவித்தோயா என்ற வெள்ளைத் தீவில் கரையேறினார்கள். சில நாட்களில் நாட்குறிப்பு நின்றுவிட்டது. முதலில் இறந்தவர் ஸ்டிரிண்ட்பெர்க். மற்ற இருவரும் அவரைப் பாறை இடுக்கில் வைத்துக் கல்லால் மூடியிருந்தார்கள். எதனால் இறந்தார்கள் என்பதற்கு வேகாத கரடிக்கறியிலிருந்த புழு, அடுப்புப் புகை, குளிர் என்று பல ஊகங்கள் உண்டு, எதுவும் முடிவானதில்லை. 1930 ஆகஸ்டில் பிராட்வாக் என்ற நார்வேக் கப்பல் அந்தத் தீவில் ஒதுங்கியபோதுதான் உலகத்துக்கு அவர்கள் கிடைத்தார்கள், முப்பத்து மூன்று ஆண்டுகள் கழித்து. உறைந்து கிடந்த படச்சுருள்களிலிருந்து 93 படங்களைக் காப்பாற்றினார்கள். ஸ்டாக்ஹோமில் அரச மரியாதை, கடல்போல் கூட்டம். நியாயமான கூட்டம்தான், நான் அங்கே இருந்திருந்தால் நானும் நின்றிருப்பேன்.

எக்கோல்ம் அந்தக் கூட்டத்தில் இல்லை. 1923-இலேயே இறந்துவிட்டார். பலூன் எத்தனை மணி நேரம் பறந்தது, எங்கே விழுந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. தான் சொன்னது சரியா தவறா என்று வெளியிலிருந்து ஒரு சாட்சியும் கிடைக்காமலேயே கடைசி இருபத்தைந்து ஆண்டுகளை வாழ்ந்திருக்கிறார். அந்த ஆண்டுகளில் அவர் என்ன செய்தார் என்பது எனக்கு முக்கியம். காற்றழுத்தம் எந்த ஊரில் எவ்வளவு ஏறியிருக்கிறது, எந்த ஊரில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்ற மாற்றத்தை வரைபடத்தில் கோடுகளாக வரைந்து புயலை முன்கூட்டிச் சொல்லும் முறையை உருவாக்கினார். 1913 முதல் 1918 வரை சுவீடனின் மத்திய வானிலை நிறுவனத்துக்குத் தலைவராக இருந்தார். பள்ளியில் அமிலம், காரம் என்று நாம் படித்த அந்த அர்ஹீனியஸ் 1896 கோடையில் இதே டேன்ஸ் தீவுக் குழுவில் கடல்நீரை ஆராயப் போயிருந்தார். காற்றிலுள்ள கரியமில வாயு கூடினால் பூமி சூடாகும் என்ற தன் கணக்கை அந்த ஆண்டின் வசந்தத்தில்தான் அவர் வெளியிட்டிருந்தார். பலர் அதை ஏற்கவில்லை. அதற்கு ஆதரவாக எழுதியவர் எக்கோல்ம். 1901-இல் வெளியான நீண்ட கட்டுரையில், நிலக்கரி எரிப்பது இதே வேகத்தில் போனால் பூமியின் சராசரி வெப்பம் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு ஏறும் என்று சொன்னார். அது நல்லதுக்கே, பனியுகம் வராமல் தடுக்கலாம் என்று அவர் நினைத்தார், அந்த இடத்தில் அவரோடு நாம் இன்று ஒத்துப்போக முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத ஒரு வாயு மெல்ல மெல்லச் செய்கிற வேலையை எண்ணிப் பார்க்கும் பொறுமை, பலூன் கூடாரத்தில் நின்றவரின் அதே பொறுமை. அந்தப் பொறுமையைக் கண்டுபிடிப்புப் பயணத்தில் சேர்க்கமாட்டோம் என்றால் வேறு எதைச் சேர்ப்பது? துருவத்தில் கொடி நடுவது ஒரு இடத்தைப் பற்றிய செய்தி மட்டும். மேகத்தின் உயரமும் கசிவின் வேகமும் நாம் வாழ்கிற காற்றைப் பற்றிய செய்தி.

எனக்கு இன்னும் தீராமல் இருப்பது ஸ்டிரிண்ட்பெர்க். 1896-இல் அவர் அதே தீவில், அதே பலூனுக்குப் பக்கத்தில் இருந்தவர். இயற்பியல் படித்தவர். எக்கோல்ம் ஏன் விலகினார் என்பது அவருக்குத் தெரியாத ரகசியம் இல்லை. ஃப்ரெங்கலுக்காவது புதிதாக வந்தவர் என்ற சமாதானம் உண்டு, ஸ்டிரிண்ட்பெர்க்குக்கு அதுவும் இல்லை. ஊரில் அன்னா காத்திருக்கிறாள். மூத்தவர், தன்னைவிட இரண்டு மடங்கு வயதானவர், ஒரு வழி காட்டிவிட்டுப் போயிருக்கிறார். போகாமல் இருந்திருந்தால் அவருக்கும் ஒரு வரிதான் கிடைத்திருக்கும், அண்ணன் மாதிரி யாரோ அவரையும் பயந்தவர் என்றிருப்பார்கள். எழுபது வயது வரை ஏதோ ஒரு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்திருப்பார். எக்கோல்மிடம் உட்கார்ந்து ஒரு மாலை முழுக்கப் பேசினாரா, பேசியும் போனாரா என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆந்த்ரே மேல் எனக்கு இருக்கிற ஒரே கோபமும் இதில்தான் வந்து நிற்கிறது. தன் உயிரைப் பணயம் வைக்க அவருக்கு முழு உரிமை இருந்தது. ஸ்டிரிண்ட்பெர்க் முடிவெடுக்கும்போது அவர் முன்னால் இருக்க வேண்டிய எண்களைத் தொடுவதற்கு அவருக்கு உரிமை இருக்கவில்லை.